ஸ்பைகிராஃப்ட் (1996): சதுக்கத்துக் கொலையில் தவறான ஜன்னலைப் பிடித்துவிட்டேன்

#1 நிழற்கோடு

வணக்கம் நண்பர்களே. ஒரு வாரமாகத் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு 'ஸ்பைகிராஃப்ட்: தி கிரேட் கேம்' ஆடி வருகிறேன். 1996இல் ஆக்டிவிஷன் வெளியிட்டது. நடிகர்களை வைத்துப் படம்பிடித்த காட்சிகள் வரும், நடுநடுவே துப்பறியும் வேலையை நாமே செய்யவேண்டும். அந்தக் காலத்தில் மூன்று குறுந்தகடுகளில் வந்தது. நான் பழைய விளையாட்டுகளை ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டுகிறேன்.

தெரியாதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சிஐஏவில் புதிதாகச் சேர்ந்த அதிகாரி. பெயர் தார்ன். பயிற்சி முடிந்த கையோடு பெரிய வழக்கு ஒன்று தலையில் விழுகிறது. ரஷ்ய அதிபர் தேர்தலில் நிற்கும் வேட்பாளர் ஒருவரை மாஸ்கோவில், திறந்தவெளிக் கூட்டத்தில், அத்தனை பேர் கண்முன்னால் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். அமெரிக்க அதிபருக்கும் ஆபத்து இருக்கிறது என்று தெரிகிறது. சுட்டவன் எங்கிருந்து சுட்டான் என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

அதைக் கண்டுபிடிக்க விளையாட்டு ஒரு கருவி தருகிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'கென்னடி அசாசினேஷன் டூல்'. சதுக்கத்தின் முப்பரிமாண மாதிரியில் தோட்டா வந்த பாதையைப் பின்னோக்கி நீட்டிச் சுட்ட இடத்தைப் பிடிக்கவேண்டும். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். கொலைக் காட்சியைப் பார்த்தவுடனேயே ஒரு கட்டடத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 'நான் சுடுவதாக இருந்தால் அங்கேதான் படுத்திருப்பேன்' என்று மனசு சொன்னது. அதற்கப்புறம் கோட்டை எப்படி வைத்தாலும் கை அந்த ஜன்னலுக்கே இழுத்துக்கொண்டு போயிற்று. இரண்டு இரவு வீணானது. கதை அசையவில்லை.

விடை வேண்டாம். உண்மையான புலனாய்வில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விசாரணைக் காட்சிக்கு அப்பால் நடப்பதை யாரும் எழுதிவிடாதீர்கள்.

#2 மூன்றாம்தட்டு

ஆஹா, இந்த விளையாட்டைப் பற்றிப் பேச இத்தனை வருஷம் கழித்து ஒரு ஆள் கிடைத்தாரே! நான் வெளிவந்த புதிதில் ஆடினேன். குறுந்தகடு மாற்றச் சொல்லும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கும்.

தம்பி, எனக்கும் அதே இடத்தில்தான் சிக்கல் வந்தது. கருவியை மூடு. காட்சியை மட்டும் பத்துத் தடவை பார். கட்டடங்களைப் பார்க்காதே, விழுந்த மனிதரைப் பார். எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார், உடம்பு எப்படிச் சாய்ந்திருக்கிறது, அதை மட்டும் ஒரு தாளில் வரைந்து வை. அப்புறம் கருவியைத் திற.

#3 கணக்குவாத்தியார்

மூன்றாம்தட்டு சொன்னது சரியான வழி. ஏன் சரி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால் நீளும்.

ஒரு கோட்டை வரைய இரண்டு புள்ளிகள் வேண்டும். தோட்டா உள்ளே போன இடம் ஒன்று, வெளியே வந்த இடம் இன்னொன்று. அல்லது ஒருவரைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்னால் சுவரில் பதிந்த இடம். இரண்டையும் சேர்த்து ஒரு நேர்கோட்டைப் பின்னால் நீட்டினால் துப்பாக்கி வரும். சின்னக் கணக்குதான். ஆனால் அந்த இரண்டு புள்ளிகளும் ஒரு மனித உடம்பில் இருக்கின்றன, உடம்பு அசைகிறது. அவர் சுடப்பட்ட நொடியில் பத்து டிகிரி இடப்பக்கம் திரும்பியிருந்தால் கோடும் பத்து டிகிரி திரும்பிவிடும்.

பிழை எவ்வளவு பெருகும் என்று பாருங்கள். 1 டிகிரி தவறினால் 100 மீட்டர் தூரத்தில் 1.75 மீட்டர் விலகும். அதாவது பக்கத்து ஜன்னல். 5 டிகிரி தவறினால் அதே 100 மீட்டரில் 8.7 மீட்டர். 300 மீட்டரில் 26 மீட்டர், அது வேறு கட்டடமாகவே இருக்கலாம். அதனால் அனுபவமுள்ள நிபுணர்கள் கோடு என்று வரைவதில்லை, கூம்பு வரைவார்கள். துப்பாக்கி இருக்கும் பக்கம் போகப் போக விரியும் கூம்பு. அந்தக் கூம்புக்குள் விழும் ஜன்னல், மாடி, மரம் எல்லாவற்றையும் பட்டியலிடுவார்கள். பிறகு தோட்டாவை விட்டுவிட்டு வேறு சாட்சியம் தேடுவார்கள். காலித் தோட்டா உறை கிடக்கிறதா, ஜன்னல் திறந்திருந்ததா, அங்கிருந்து மேடை தெரியுமா, நடுவில் ஏதாவது மறைக்குமா.

தோட்டா வளைந்து கீழே இறங்காதா என்று சிலர் கேட்பார்கள். இறங்கும். நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் புறப்படும் தோட்டா 100 மீட்டர் போவதற்குள் பத்து சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் இறங்கும். ஒரு சதுக்கத்தின் அளவுக்கு நேர்கோடே போதும். உடம்பின் நிலைதான் உண்மையான தலைவலி.

இப்போது உங்கள் பிழைக்கு வருகிறேன். நீங்கள் மூன்றாவதாக ஒரு புள்ளியை, அதுவும் விடையையே, முதலில் வைத்துவிட்டீர்கள். ஒரு முனை ஜன்னலில் கட்டிப்போட்ட கோடு. அதன் மறு முனைக்கு ஏற்ற மாதிரி உடம்பைத் திருப்பினீர்கள். திருப்பினால் கட்டாயம் பொருந்தும். உடம்பை இஷ்டப்படி திருப்பலாம் என்றால் எந்த ஜன்னலும் பொருந்தும்.

#4 நிழற்கோடு

ஐயா, கடைசிப் பத்தியை மூன்று தடவை படித்தேன். அதையேதான் செய்திருக்கிறேன். அவர் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காட்சியில் அப்படி எதுவும் இல்லை.

இன்று இரவு தாளில் வரைந்துவிட்டு உட்காருகிறேன்.

#5 இளவெயில்

கருவியின் பெயரை அவர்கள் சும்மா வைக்கவில்லை. ஐயா சொன்ன பிழை டாலஸ் வழக்கின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது.

1963 நவம்பர் 22. டாலஸ் நகரில் டீலி பிளாசா என்ற சதுக்கம். திறந்த காரில் அதிபர் கென்னடி, அவருக்கு முன் இருக்கையில் டெக்சாஸ் ஆளுநர் கானலி. கொலையை விசாரித்த வாரன் ஆணையம் 1964இல் தந்த முடிவுப்படி, புத்தகக் கிடங்கு ஒன்றின் ஆறாவது மாடி ஜன்னலிலிருந்து மூன்று குண்டுகள். அதில் ஒரே குண்டு கென்னடியின் கழுத்து வழியாக வெளியேறிக் கானலியின் முதுகு, மணிக்கட்டு, தொடை வரை போனது என்றார்கள். அது எப்படி முடியும், நடு வானில் தோட்டா திரும்புமா என்று பல ஆண்டுகள் கேலி செய்தார்கள். கேலிப் படங்களில் தோட்டா வளைந்து வளைந்து போகும்.

அந்தப் படங்களை இப்போது எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் இருவரும் ஒருவர் பின் ஒருவராக, ஒரே உயரத்தில், நேராக உட்கார்ந்திருப்பார்கள். உண்மையான காரில் கானலி உட்கார்ந்தது மடக்கு இருக்கை. கென்னடியின் இருக்கையைவிடத் தாழ்வு, காரின் நடுப்பக்கமாகத் தள்ளி இருந்தது. அவர் திரும்பியும் உட்கார்ந்திருந்தார். ஆட்களைச் சரியான இடத்தில் உட்கார வைத்தால் கோடு நேராகிறது. வளைவைப் போட்டது படம் வரைந்தவர்களின் பென்சில்.

1976இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை ஒரு குழு போட்டு வழக்கை மறுபடி ஆராய்ந்தது. அதில் தாமஸ் கேனிங் என்ற நாசா பொறியாளர் தோட்டாப் பாதைகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டார். அவர் ஜன்னலில் தொடங்கவில்லை. காயங்கள், புகைப்படங்களிலிருந்து எடுத்த உடல் நிலைகள், காரின் இடம் இவற்றிலிருந்து தொடங்கினார். பின்னோக்கி நீட்டிய பாதைக்குப் பிழையின் அளவையும் வட்டமாகப் போட்டார். கட்டடத்தின் மேல் விழுந்த அந்த வட்டங்களுக்குள் ஆறாவது மாடி ஜன்னல் அடங்கியது. நிழற்கோடு, உங்கள் விளையாட்டுக் கருவியின் மூதாதை அந்த வேலைதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று சொல்லவேண்டும். ஆப்ரகாம் சப்ரூடர் என்பவர் எடுத்த வீட்டுப் படம் இல்லாமல் இதில் எதுவும் நடந்திருக்காது. 26 வினாடிகளுக்குக் கொஞ்சம் அதிகம், 486 சட்டங்கள் (ஃபிரேம்கள்), நொடிக்குச் சராசரியாக 18.3 சட்டங்கள். அதுவே கடிகாரமாகவும் அளவுகோலாகவும் ஆனது. கார் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது, அதாவது ஒரு சட்டத்துக்கு 27 சென்டிமீட்டர். எந்தச் சட்டத்தில் அடிபட்டார் என்று தெரிந்தால் கார் எங்கே இருந்தது என்று தெரியும்.

#6 செம்பருத்தி

எல்லாம் சரி இளவெயில். ஆனால் அதே குழு கடைசியில் என்ன சொன்னது? 1979 அறிக்கையில், இரண்டாவதாக ஒருவர் சுட்டிருக்க வாய்ப்பு அதிகம், அநேகமாகச் சதி நடந்திருக்கிறது என்றுதானே எழுதினார்கள்? இவ்வளவு அழகாகக் கோடு போட்ட அதே ஆட்கள். அப்புறம் கோட்டை எப்படி நம்புவது? எனக்கு இந்த வழக்கில் சந்தேகம் போகவே இல்லை, அதை மறைக்கவும் விரும்பவில்லை.

#7 கணக்குவாத்தியார்

நல்ல கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாத கேள்வி. அந்த முடிவு கோட்டிலிருந்து வரவில்லை, ஒலியிலிருந்து வந்தது.

போலீஸ் வானொலியின் ஒலிப்பதிவு ஒன்று இருந்தது. ஒரு மோட்டார் சைக்கிளின் ஒலிவாங்கி திறந்தபடியே மாட்டிக்கொண்டதால் பதிவானது என்று கருதினார்கள். அதில் நான்கு வெடிகள் இருப்பதாகவும், ஒன்று முன்பக்கப் புல்மேட்டிலிருந்து வந்ததாகவும் ஒலி நிபுணர்கள் சொன்னார்கள். குழு அதை ஏற்றது. பிறகு ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒலித்தட்டில் அந்தப் பதிவு வெளியானது. டிரம் வாசிக்கும் ஓர் இளைஞர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, வெடிகள் என்று சொல்லப்பட்ட இடத்திலேயே மங்கலாக ஒரு போலீஸ் அதிகாரியின் குரல் கேட்பதைக் கண்டுபிடித்தார். கொலை நடந்த பிறகு சொல்லப்பட்ட உத்தரவு அது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் குழு 1982இல் அதை ஆராய்ந்து, அந்த ஒலிகள் சுட்டு முடிந்து சுமார் ஒரு நிமிடம் கழித்துப் பதிவானவை என்று சொல்லிவிட்டது.

சதுக்கத்தில் நின்றவர்களின் காதும் குழம்பியது இயல்பே. ஒலியைவிட வேகமாகப் போகும் தோட்டா தன் பாதை நெடுகச் சடார் என்று ஒரு சத்தம் எழுப்பும். துப்பாக்கியின் வெடிச்சத்தம் அதற்குப் பின்னால்தான் வந்து சேரும். 200 மீட்டர் தள்ளி நின்றால் இரண்டுக்கும் இடையே சுமார் 0.3 வினாடி. முதல் சத்தம் வந்த திசை துப்பாக்கி இருக்கும் திசை ஆகாது. அதோடு நாலாபக்கமும் கட்டடங்கள், எதிரொலி. மாஸ்கோ சதுக்கமானாலும் இதே கதைதான். கூட்டம் எந்தப் பக்கம் கை காட்டுகிறது என்பதை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது.

#8 செம்பருத்தி

அந்த டிரம் இளைஞர் விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி ஐயா. ஒலிப்பதிவு வாதத்தைக் கைவிடுகிறேன். மற்ற சந்தேகங்கள் இருக்கின்றன, அவை வேறு இழைக்கு.

#9 நிழற்கோடு

கண்டுபிடித்துவிட்டேன்!!

தாளில் வரைந்து, மேடையில் அவர் நிற்கும் நிலையை முதலில் உறுதிசெய்துகொண்டு, கட்டடங்கள் பக்கம் கண்ணையே திருப்பாமல் கோட்டை நீட்டினேன். நான் சந்தேகப்பட்ட கட்டடத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் போய் நின்றது. உடனே வந்த எண்ணம் 'இது தப்பு' என்பதுதான். அந்த ஜன்னல் அவ்வளவு ஆழமாக மனதில் பதிந்திருந்தது. இருந்தாலும் அதையே கொடுத்தேன், கதை நகர்ந்தது.

மூன்றாம்தட்டு அண்ணா, உங்கள் யோசனைக்கு நன்றி. இன்னொன்று கேட்கவேண்டும். நடுவில் வயதான இரண்டு பேர் வந்து ஆலோசனை சொல்கிறார்களே, அவர்கள் நடிகர்கள் மாதிரியே இல்லையே?

#10 மூன்றாம்தட்டு

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். அவர்கள் நடிகர்கள் இல்லை தம்பி. அந்த இருவரும் தங்கள் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள். ஒருவர் வில்லியம் கோல்பி, 1973 முதல் 1976 வரை சிஐஏவின் தலைவர். மற்றவர் ஒலெக் கலூகின், சோவியத் உளவுத்துறையான கேஜிபியில் மேஜர் ஜெனரல், வெளிநாட்டு எதிர் உளவுப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். பனிப்போரில் எதிரெதிரே நின்ற இருவர் ஒரே விளையாட்டை உருவாக்க உதவியிருக்கிறார்கள். சோவியத் ஒன்றியம் கலைந்து நான்கே வருஷம் ஆகியிருந்தது, யோசித்துப் பார்.

விளையாட்டு வந்த அதே 1996இல், ஏப்ரல் கடைசியில் கோல்பி தன் வீட்டுக்கு அருகே தனியாகச் சிறுபடகில் போய்க் காணாமல் போனார். மே மாதத் தொடக்கத்தில் உடல் கிடைத்தது. விபத்து என்றே முடிவு செய்தார்கள். செய்தியைப் படித்துவிட்டு அன்று இரவு விளையாட்டைத் திறந்தால், அவர் திரையில் உட்கார்ந்து என்னிடம் நிதானமாகப் பேசுகிறார். அதை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு மாதம் தொடாமல் வைத்துவிட்டேன்.

#11 இளவெயில்

கோல்பி இந்தக் கதையில் வருவது இன்னொரு விதத்திலும் கனமானது. அவர் தலைவராக இருந்தபோதுதான், 1975இல், அமெரிக்க செனட்டின் சர்ச் குழு சிஐஏவின் பழைய கொலைத் திட்டங்களைத் தோண்டியது. காஸ்ட்ரோ, லுமும்பா, ட்ருஹியோ என்று வெளிநாட்டுத் தலைவர்கள் மீதான சதிகள் பற்றித் தனி அறிக்கையே வந்தது. நிறுவனத்தின் ரகசியங்களை அந்த விசாரணைக்கு அளவுக்கு மீறித் திறந்துவிட்டார் என்று சக அதிகாரிகள் பலர் கோல்பியை மன்னிக்கவே இல்லை. 1976 பிப்ரவரியில் அதிபர் ஃபோர்டு, அரசியல் கொலைகளில் அமெரிக்க அரசு ஊழியர் யாரும் ஈடுபடக்கூடாது என்று ஆணை போட்டார். 1981இல் ரீகன் அதைப் புதுப்பித்தார். அந்தக் காலத்தைக் கடந்துவந்த மனிதர் ஓர் அரசியல் கொலையைத் துப்பறிய நமக்கு வழி சொல்கிறார்.

கலூகின் பக்கமும் ஒரு கொலை இருக்கிறது. 1978 செப்டம்பரில் லண்டனில் ஜார்ஜி மார்க்கோவ் என்ற பல்கேரிய எழுத்தாளரின் தொடையில் ஏதோ குத்தியது. திரும்பிப் பார்த்தால் ஒருவர் குடையைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார். நான்கு நாளில் மார்க்கோவ் இறந்துவிட்டார். உடலிலிருந்து கிடைத்தது 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த ஓர் உலோகக் குண்டு, அதில் நுண்ணிய துளைகள். ரிசின் நஞ்சு என்பது வல்லுநர்களின் முடிவு. பல்கேரிய உளவுத்துறைக்குக் கேஜிபி இதில் உதவியது என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னவர் இதே கலூகின். தன் நாட்டிலேயே அவரைத் துரோகி என்றார்கள். 2002இல் ரஷ்ய நீதிமன்றம் அவர் இல்லாமலேயே விசாரித்து 15 ஆண்டு தண்டனை விதித்தது.

எனக்கு அந்தக் குண்டில்தான் மனம் நிற்கிறது. அதற்குச் சில நாட்கள் முன்னால் பாரிஸில் விளாதிமிர் கோஸ்தோவ் என்ற இன்னொரு பல்கேரியரையும் அப்படியே தாக்கியிருந்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். மார்க்கோவ் இறந்த செய்தி கேட்டுத் தன் முதுகைப் பரிசோதிக்கச் சொன்னார். உள்ளே அதே மாதிரிக் குண்டு இருந்தது. இரண்டையும் ஒப்பிட்ட பிறகுதான் வழக்கு முழு உருவம் பெற்றது. கோடு போட இரண்டு புள்ளி வேண்டும் என்று ஐயா சொன்னாரே, இங்கே லண்டன் ஒரு புள்ளி, பாரிஸ் ஒரு புள்ளி.

#12 நிழற்கோடு

இளவெயில் அக்கா, இதைப் படித்துவிட்டு ஆடும்போது கலூகின் பேசும் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன்.

விசாரணைக் கட்டத்துக்கு வந்துவிட்டேன். பிடிபட்ட ஒருவரிடமிருந்து தகவல் வேண்டும். வலி கொடுத்துக் கேட்கும் வழியும் இருக்கிறது. புகைப்படத்தை மாற்றிக் காட்டி நம்பவைக்கும் வழியும் இருக்கிறது. நான் புகைப்படத்தை எடுத்துக்கொண்டேன். ஒன்றை வெட்டி, ஒட்டி, பொருத்திப் பொய்யான படம் ஒன்றை நானே செய்தேன். எதிரே இருந்தவர் அதை நம்பினார்.

வென்றுவிட்டேன் என்று சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்று உறுத்துகிறது. இந்த வழக்கில் நான் இதுவரை நம்பிய படங்களை எல்லாம் எனக்குக் கொடுத்தது யார்? அவர்களிடமும் இதே கருவி இருக்குமே?

#13 செம்பருத்தி

நான் மற்ற வழியில் போனேன். ஒளிக்காமல் சொல்கிறேன். நேரம் இல்லை, ஓர் அதிபரின் உயிர் இருக்கிறது, எதிரே இருப்பவருக்குப் பதில் தெரியும். அந்த நிலையில் கை சுத்தமாக இருக்கவேண்டும் என்று நினைப்பது எனக்குச் சுயநலமாகப் பட்டது. விளையாட்டு இப்படி ஒரு கேள்வியை 1996லேயே கேட்டது பெரிய விஷயம். கேள்வியைக் கேட்டால் இரண்டு பதிலையும் யாராவது கொடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

அந்தக் காட்சியைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

#14 இளவெயில்

செம்பருத்தி, நேர்மையாகச் சொன்னதற்கு மரியாதை. ஆனால் "எதிரே இருப்பவருக்குப் பதில் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. தெரியும் என்று எப்படித் தெரியும்?

யூரி நோசென்கோவின் கதையைச் சொல்கிறேன். கேஜிபி அதிகாரி. கென்னடி கொலை நடந்து சில வாரங்களே ஆன நிலையில், 1964இன் தொடக்கத்தில் அமெரிக்காவிடம் தஞ்சம் புகுந்தார். கென்னடியைச் சுட்டதாகக் கைதான ஆஸ்வால்டின் கோப்பை நான் பார்த்தேன், கேஜிபி அவரைப் பயன்படுத்தவில்லை என்றார். சிஐஏவில் ஒரு பிரிவினர் இவர் அனுப்பிவைக்கப்பட்ட பொய்யர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். 1964 ஏப்ரலில் அடைத்தார்கள். அடுத்த ஆண்டு அவருக்கென்றே கட்டிய ஜன்னல் இல்லாத கான்கிரீட் அறைக்கு மாற்றினார்கள். படிக்க எதுவும் கிடையாது, பேச ஆள் கிடையாது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் இப்படி. அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. கடைசியில் வேறு அதிகாரிகள் கோப்பை முதலிலிருந்து படித்து, இவர் உண்மையானவர்தான் என்று முடிவு செய்து, அவரையே ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கான்கிரீட் அறை எங்கே இருந்தது தெரியுமா? வர்ஜீனியாவில், கேம்ப் பியரியில். 'பண்ணை' என்று அழைக்கப்படும் சிஐஏ பயிற்சி மையம். விளையாட்டில் தார்ன் பயிற்சி எடுக்கும் அதே இடம்.

அவர்களும் நேரமில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள். அவர்களும் ஜன்னலை முதலில் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று ஆண்டுகள் ஒரு மனிதரை அந்த ஜன்னலுக்கு ஏற்ற மாதிரித் திருப்பப் பார்த்தார்கள்.

#15 மூன்றாம்தட்டு

பண்ணையில்தானா? இத்தனை வருஷம் இது தெரியாமல் அந்தத் தொடக்கக் காட்சியை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

#16 செம்பருத்தி

நோசென்கோ பற்றி நேற்று முழுக்கப் படித்தேன். அந்த வாக்கியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். விளையாட்டில் அவருக்குப் பதில் தெரியும் என்று எனக்கு எப்படித் தெரிந்தது? கதை எழுதியவர் அப்படி வைத்திருப்பார் என்ற நம்பிக்கைதான். நிஜத்தில் அப்படிக் கதை எழுதி வைப்பவர் யாரும் இல்லை.

ஆனால் கேள்வியைக் கேட்டது சரி என்ற என் கருத்து மாறவில்லை. அந்தக் காட்சியை எடுத்துவிட்டிருந்தால் இந்த இழையில் நாம் இதைப் பேசியிருக்க மாட்டோம். படத்தை மாற்றியது மட்டும் அவ்வளவு தூய்மையான வழியா என்றும் கேட்கிறேன். அதுவும் ஒரு மனிதரை உடைக்கத்தான் செய்கிறது.

#17 கணக்குவாத்தியார்

நிழற்கோட்டின் கேள்விக்கு வருகிறேன், படங்களை எப்படி நம்புவது என்று கேட்டாரே.

ஸ்டாலினோடு கால்வாய் ஓரம் நடந்த அவரது ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவ், 1940இல் கொல்லப்பட்ட பிறகு படத்திலிருந்தும் காணாமல் போனார். இருந்த இடத்தில் தண்ணீரை வரைந்துவிட்டார்கள். கணினி எதுவும் இல்லாத காலம். மறுபக்கம், ஆஸ்வால்ட் துப்பாக்கியோடு கொல்லைப்புறத்தில் நிற்கும் படங்கள். மூக்கின் நிழல் ஒரு பக்கம் விழுகிறது, உடம்பின் நிழல் இன்னொரு பக்கம், எனவே ஒட்டுவேலை என்று பலர் உறுதியாக நம்பினார்கள். சபைக் குழுவின் புகைப்பட வல்லுநர்கள் பார்த்து, ஒட்டியதற்குத் தடயம் இல்லை என்றார்கள். 2009இல் ஹனி ஃபரீத் என்ற கணினி விஞ்ஞானி முகத்தையும் உடம்பையும் முப்பரிமாணத்தில் மாதிரி செய்து, ஒரே ஒரு சூரியனை வைத்து வெளிச்சம் போட்டுப் பார்த்தார். இரண்டு நிழலும் அப்படியே வந்தன. வெறும் கண்ணுக்கு முரணாகத் தெரிந்தது கணக்குக்கு முரணாக இல்லை.

நிழலின் ஒரு புள்ளியிலிருந்து அதை உண்டாக்கிய பொருளின் புள்ளி வழியாக நீட்டினால், அது ஒளியை நோக்கிப் போகும் கோடு. தோட்டாப் பாதை காயத்திலிருந்து துப்பாக்கியை நோக்கிப் போகும் கோடு. இரண்டுக்கும் ஒரே வழிமுறை. படத்தில் உள்ள நிழல்களின் கோடுகள் எல்லாம் ஒரே சூரியனில் போய்ச் சேருகின்றனவா என்று பாருங்கள். விளையாட்டுக் கொடுத்த படங்களில் அதைச் செய்து பார்க்கலாமே.

#18 நிழற்கோடு

செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் ஐயா. நான் பொய்யாகச் செய்த படத்திலிருந்தே தொடங்கினேன். நிழல்களைப் பற்றி யோசிக்கவே இல்லாமல் ஒட்டியிருக்கிறேன். ஓர் அடிக்கோலும் ஐந்து நிமிடமும் இருந்திருந்தால் எதிரே இருந்தவர் என்னைப் பிடித்திருக்கலாம்.

செம்பருத்தி, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. உடைந்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று பார்க்காமல் அடுத்த காட்சிக்குப் போய்விட்டேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. பழைய சேமிப்பிலிருந்து அந்தக் காட்சியை மறுபடி ஏற்றி, இந்தத் தடவை முழுவதும் பார்க்கிறேன்.

அப்புறம் கூட்டத்தில் எடுத்த படங்கள். எல்லாவற்றையும் வரிசையாகத் தாளில் ஒட்டி வைத்திருக்கிறேன். யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதுகிறேன். இரண்டு படங்களுக்கு யார் கொடுத்தார்கள் என்று எழுத முடியவில்லை. மூன்றாவது தட்டைத் தொடங்குவதற்கு முன்னால் அந்த இரண்டையும் முடித்துவிடப் போகிறேன். மூன்றாம்தட்டு அண்ணா, தயவுசெய்து எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

#19 மூன்றாம்தட்டு

வாயைத் திறக்க மாட்டேன். அந்த இரண்டு படங்களையும் பத்திரமாக வை.